சக மாணவர்கள் சேர்த்துக்கொள்ள: அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை படிக்கும் வகுப்புக்கு முழுமையான வழிகாட்டி

பல்லடம், காங்கேயம் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியராகப் போய்வருகிறேன். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை ஒன்று வகுப்பில் வந்து சேர்ந்ததும் நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். ஆசிரியர் வகுப்பை எழுப்பி நிறுத்தி, "இவன் பாவம், எல்லோரும் இவனிடம் அன்பாக இருக்க வேண்டும்" என்பார். "சரிங்க டீச்சர்" என்று கூட்டாகக் குரல் வரும். ஒரு வாரம் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு திரிவார்கள். மூன்றாவது வாரம் போனால் அவன் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான்.

அந்த ஆசிரியரிடம் மனம் இருக்கிறது, வரிசைதான் தவறிவிட்டது. ஒதுக்குவது குறைந்தால் சேர்த்துக்கொள்வது தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் பொது வகுப்பில் படித்த இத்தகைய மாணவர்களைப் பற்றி 1978இல் காட்லீப், செம்மெல், வெல்ட்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டியது. ஒதுக்கப்படுவது, அந்தக் குழந்தை தொல்லை செய்கிறது என்ற எண்ணத்தோடு சேர்ந்து வந்தது. ஏற்கப்படுவது, அதற்கு ஏதோ தெரியும் என்ற எண்ணத்தோடு சேர்ந்து வந்தது. ஆக, வேலைகள் இரண்டு. மற்றவர்களை விரட்டும் நடத்தையை முதலில் குறைக்க வேண்டும்; அதன்பின் திறமை கண்ணில் படும்படி செய்ய வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. முழுவதும் முடிய ஏறத்தாழ 12 வாரம் பிடிக்கும்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள குறைபாட்டு விழுக்காட்டை ஓரமாக வையுங்கள். 50 விழுக்காடா 75 விழுக்காடா என்பது சலுகை பெற உதவும்; விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்பதை அது சொல்லாது.

வீட்டில் கேட்க வேண்டியவை வேறு. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறானா, சாப்பிட்டால் காலையில் தூங்கி வழிவானா? காது சரியாகக் கேட்கிறதா? டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவது சாதாரணம்; "சொன்னால் கேட்பதில்லை" என்ற புகாரில் பாதி அங்கேயே முடிந்துவிடலாம். மலச்சிக்கல், பல்வலி உண்டா? வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அதை அடித்தும் கடித்தும்தான் சொல்லும். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் வீட்டில் என்ன வார்த்தை? தெருவில் யாரோடு விளையாடுகிறான்?

பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகும் பெற்றோரைப் பகலில் வரச்சொன்னால் அரை நாள் கூலி போகும். ஷிப்டுக்கு முன்னால் காலையில் நீங்களே ஒருமுறை போய்விடுங்கள். அங்கே அம்முச்சி (அம்மாவின் அம்மா) இருந்தால் அவரிடமும் தனியாகப் பேசுங்கள். நாள் முழுக்கப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அம்மாவுக்குத் தெரியாத பலவும் அவருக்குத் தெரியும்.

இவை தவிர 40 பக்க நோட்டு ஒன்றும் வகுப்புப் பெயர்ப்பட்டியலின் நகல்களும் போதும்.

2. முதல் இரண்டு வாரம் பார்ப்பது மட்டும்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: குழந்தையை வெறுத்து ஒதுக்குகிறார்களா, அல்லது கண்டுகொள்ளாமலே விடுகிறார்களா? 1982இல் காய், டாட்ஜ், காப்போடெல்லி ஆகிய ஆய்வாளர்கள் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: பலருக்கும் பிடித்தவர், ஒதுக்கப்பட்டவர், கவனிக்கப்படாதவர், சிலருக்குப் பிடித்துச் சிலருக்குப் பிடிக்காதவர், நடுத்தரமானவர். நமக்கு இரண்டாவதும் மூன்றாவதும் முக்கியம். கவனிக்கப்படாத குழந்தை என்றால் 3, 4 ஆகிய படிகளை விட்டுவிட்டு நேரே 5க்குப் போகலாம். ஒதுக்கப்பட்ட குழந்தையிடம் அப்படித் தாவினால் எல்லாம் கவிழும்.

"யாரைப் பிடிக்காது, எழுது" என்று கேட்காதீர்கள். மதியத்துக்குள் அந்தப் பெயர் பள்ளி முழுக்கப் பரவிவிடும். பெயர்ப்பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிரிக்கும் முகம், சாதாரண முகம், வாடிய முகம் மூன்றையும் வரைந்து, "இவரோடு விளையாட எவ்வளவு பிடிக்கும்" என்று கேட்டு வட்டமிடச் சொல்லுங்கள். எல்லோரைப் பற்றியும் எல்லோரும் சொல்வதால் யாரும் தனியாக மாட்ட மாட்டார்கள். சிறிய வகுப்பென்றால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாய்மொழியாகக் கேளுங்கள். தாளை வாங்கியதும் உடனே படம் வரையும் வேலை ஒன்றைக் கொடுங்கள்; சும்மா விட்டால் "நீ என்ன போட்டாய்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் குழந்தையிடமும் கேட்க வேண்டும். இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். படிக்கத் தெரியாவிட்டால் வகுப்பு நிழற்படத்தைக் காட்டிக் கேளுங்கள். ஒரு பெண் குழந்தை, யாரும் நினைக்காத ஒரு முரட்டுப் பையனின் முகத்தைத் தொட்டுக்காட்டினாள். அவன் ஒருநாள் அவளுடைய செருப்பு வாரைச் சரிசெய்து கொடுத்திருக்கிறான்.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு தினமும் 10 நிமிடம் உட்காருங்கள். காலை உணவு நேரம், இடைவேளை, சத்துணவு வரிசை ஆகிய மூன்றும் போதும். எத்தனை நிமிடம் தனியாக இருந்தான், எத்தனை நிமிடம் மற்றவர்கள் பக்கத்தில் இருந்தான், எத்தனை நிமிடம் அவர்களோடு சேர்ந்து எதையாவது செய்தான் என்று மூன்று எண்கள். பக்கத்தில் இருப்பதையும் சேர்ந்திருப்பதையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

3. விரட்டும் நடத்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

ஆசிரியருக்கு எரிச்சல் தருவதும் பிள்ளைகளை விலக வைப்பதும் வெவ்வேறு. அடிக்கடி எழுந்து நடப்பது உங்களுக்குத் தொல்லை. பக்கத்துப் பையனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நோட்டில் எச்சில் விழுவது, தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடுவது, முடியை இழுப்பது, விடாமல் கட்டிப்பிடிப்பது ஆகியவைதான் அவர்களை நகரவைக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றைச் சேர்த்து எடுத்தவர்கள் ஒன்றையும் முடித்ததில்லை.

சளி, எச்சில் வடிதல், நனைந்த சட்டை ஆகியவற்றைக் கூச்சப்படாமல் வீட்டில் பேசுங்கள். கைக்குட்டை இரண்டு, மாற்றுச் சட்டை ஒன்று, மதியம் ஒருமுறை முகம் கழுவுதல். ஒரு வாரத்தில் சரியாகும் விஷயத்துக்காக ஓர் ஆண்டு ஒதுக்கிவைக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

தேர்ந்தெடுத்த நடத்தைக்கு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது. பத்துப் பதிவு சேர்ந்ததும் மூன்றாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்று தெரியும்: யாரோ கவனித்தார்கள், பிடிக்காத வேலை தப்பியது, ஒரு பொருள் கிடைத்தது, அல்லது செயலே உடம்புக்கு இதமாக இருந்தது.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் போகிறவர் வருகிறவர் புத்தகப்பையையெல்லாம் இழுத்துத் தள்ளிவிட்டு ஓடுவான். "அடங்காதவன்" என்று பெயர். மூன்றாவது கட்டத்தில் பத்துக்கு எட்டுமுறை, "அவர்கள் துரத்தினார்கள், இவன் சிரித்தான்" என்று இருந்தது. அவனுக்கு வேண்டியது ஓடிப்பிடிக்கும் விளையாட்டு. கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

4. அதே பலனைத் தரும் வேறு வழியைக் கற்றுக்கொடுத்தல்

"இழுக்காதே" என்பது என்ன செய்யக்கூடாது என்று மட்டும் சொல்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத குழந்தை மறுநாளும் பழையதையே செய்யும். கார், டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: தொல்லை தரும் நடத்தையால் என்ன கிடைக்கிறதோ அதையே கேட்டு வாங்கும் வழியைக் கற்றுக்கொடுத்தால் தொல்லை குறைகிறது.

அந்தப் பையனுக்கு நாங்கள் கொடுத்தது: தோளில் ஒருமுறை தட்டு, பந்தை நீட்டு, "வா" என்று சொல். நான்கு நாள் என்னோடு மட்டும், தினம் இருபது முறை. பிறகு ஒரு பிள்ளையோடு. பிறகு இருவரோடு. மைதானத்துக்குப் போனது அடுத்த வாரம்தான். நேரே மைதானத்தில் ஆரம்பித்தால் கூச்சலில் எல்லாம் மறந்துபோகும்.

புதிய வழி முதல் சில நாள் ஒவ்வொரு முறையும் பலிக்க வேண்டும், பழையதைவிட விரைவாகப் பலிக்க வேண்டும். "வா" என்றால் யாரும் வரவில்லை, பையை இழுத்தால் உடனே வந்தார்கள் என்றால் அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? நானாக இருந்தாலும் பையைத்தான் இழுப்பேன்.

பழைய நடத்தைக்குப் பலன் நின்றதும் அது சில நாள் முன்னைவிட மோசமாகும். மூன்றாம் நாள் அவன் பை வார் அறுந்துபோகும்படி இழுத்தான். வகுப்பாசிரியை கையை விரித்துவிட்டார். அந்த வாரமே விட்டிருந்தால், பலமாக இழுத்தால்தான் நடக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகியிருக்கும். இது வரும் என்பதை ஆசிரியருக்கும், உதவும் பிள்ளைகளுக்கும், வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தண்டனை வேண்டாம். உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பள்ளியில் ஆசிரியர் அவனைத் திட்டிய ஐந்தாவது நிமிடம், ஒரு சிறுமி அதே கையாட்டலோடு அதே சொற்களால் அவனைத் திட்டியதைக் கேட்டேன். அவனை எந்தக் குரலில் கூப்பிட வேண்டும் என்பதை வகுப்பு உங்கள் வாயிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

5. இடம், துணைப்பிள்ளைகள்

ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். அங்கே உட்காருபவன் டீச்சரின் பிள்ளை ஆகிவிடுவான், வகுப்பின் பிள்ளை ஆகமாட்டான். இரண்டாவது வரிசையில் நடைபாதை ஓரம் நல்லது. எழுந்து போகவும் வசதி, இருபுறமும் ஆள் இருப்பார்கள்.

துணைக்கு நான்கைந்து பேரை வைத்து வாரம் ஒருவராக மாற்றுங்கள். வழக்கமாக நடப்பது என்னவென்றால், வகுப்பிலேயே அமைதியான, நன்றாகப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை தலையில் முழுப்பொறுப்பும் விழும். இரண்டு மாதத்தில் அவளுக்கு விளையாட நேரம் இருக்காது, அவனுக்கு ஒரு குட்டி அம்மா கிடைத்திருப்பாள். தோழி கிடைத்திருக்க மாட்டாள். முகப்பட்டியலில் அவனுக்குச் சிரிப்பு முகமோ சாதாரண முகமோ போட்டவர்களிலிருந்தும், அவனே தொட்டுக்காட்டியவர்களிலிருந்தும் தேர்ந்தெடுங்கள். முதல் மதிப்பெண் வாங்குபவர்தான் வேண்டும் என்பதில்லை.

6. வகுப்பிடம் பேசுதல்

இப்போதுதான் பேச வேண்டும். ஏனென்றால் இப்போதுதான் சொன்னதற்கு ஒத்துவரும்படி அவன் நடந்துகொள்வான். பெற்றோரிடம் அனுமதி வாங்குங்கள். அவன் குறைபாட்டின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

15 நிமிடம் போதும். "உனக்கு எது வரவே மாட்டேன் என்கிறது?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். வாய்ப்பாடு, நீச்சல், இருட்டில் தனியாகப் போவது என்று வரும். பிறகு அவனைப் பற்றி மூன்று விஷயம்: சின்ன வாக்கியமாகப் பேசு, பதிலுக்கு மனத்துக்குள் பத்து எண்ணிக்கொண்டு காத்திரு, பிடிக்காததைச் செய்தால் "வேண்டாம்" என்று சொல். மூன்றாவதை ஆசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். மறுக்க அனுமதி இல்லாத பிள்ளைகள் மெல்ல விலகிப்போவார்கள்.

"பாவம்" என்ற சொல்லை நீங்கள் நிறுத்துங்கள், "லூசு" என்ற சொல்லை அவர்கள் நிறுத்துவார்கள். இரண்டுமே அவனைத் தனியாக நிறுத்தும் சொற்கள்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

7. எல்லோரும் ஆசைப்படும் வேலை ஒன்று

ஏற்பு திறமையோடு ஒட்டி வருகிறது என்று முதலில் சொன்னது இங்கேதான் பயன்படுகிறது. கொடுக்கும் வேலை மற்றவர்கள் "எனக்குக் கொடுங்க டீச்சர்" என்று கேட்பதாக இருக்க வேண்டும். கூட்டச் சொல்வது, ஆசிரியர்களுக்கு டீ வாங்கி வரச் சொல்வது எல்லாம் நேர்எதிர் பலனைத் தரும்.

ஒரு பள்ளியில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்குகிறது, அதுதான் மணி. ஏழாம் வகுப்பில் இருந்த ஒரு பையனுக்கு நேரம் பார்க்கத் தெரியாது. நான்கு காகிதக் கடிகாரங்களை வரைந்து சுவரில் ஒட்டினோம். சுவர்க் கடிகாரம் எந்தப் படத்தைப் போல ஆகிறதோ அப்போது அடிக்க வேண்டும். கற்க மூன்று வாரமாயிற்று. அதுவரை யாருக்கும் சொல்லவில்லை, பள்ளி முடிந்தபின்தான் பழகினான். மணியில் தடுமாறுவதைப் பள்ளியே பார்த்திருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். தயாரான பிறகு ஒரு திங்கட்கிழமை கம்பியைக் கையில் கொடுத்தோம். சத்துணவு மணிக்கு முன்னால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

8. சேர்ந்து செய்யும் செயல்

வெறுமனே ஒரே இடத்தில் இருந்தால் பழகிவிடுவார்கள் என்பது பொய். சமநிலை, பொதுவான இலக்கு, ஒருவரை ஒருவர் நம்பிச் செய்யும் வேலை, பெரியவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். செயலைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நான்கையும் கேட்டுப்பாருங்கள். ஒருவர் தவறினால் அணியே தோற்கும் ஆட்டங்களை முதலில் தொடாதீர்கள். கிளித்தட்டில் அவன் கோட்டை விட்டால் அன்று மாலை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

நம் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது: வட்டமாக நின்று ஆடும் வள்ளிக் கும்மி. ஊர் ஊராகக் கற்றுத்தருகிறார்கள், பிள்ளைகளில் சிலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வட்டத்துக்கு முன்வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. அடி திரும்பத் திரும்ப வரும். இருபுறமும் பார்த்துச் செய்ய ஆள் உண்டு. ஒருவர் ஓர் அடி தவறினாலும் ஆட்டம் நிற்காது. புதியவர்கள் செய்யும் பிழை, அவனை வட்டத்துக்கு வெளியே நிறுத்திக் கைதட்டச் சொல்வது. உள்ளே விடுங்கள். பறையோ ஒலிபெருக்கியோ காதைப் பொத்தவைக்கிறது என்றால் முதல் வாரம் வெறும் கைத்தட்டலோடு ஆடுங்கள்.

படிப்பில், ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் செய்தி இருந்து எல்லாம் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும் முறை உண்டு. உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கியது. அவன் துண்டைப் படமாகக் கொடுங்கள். அது உண்மையிலேயே தேவைப்படும் துண்டாக இருக்கட்டும். ஒப்புக்குக் கொடுத்ததைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதுவானாலும் முந்தின நாளே அவனுக்குத் தனியாகப் பழக்கிவிடுங்கள். விதியை மற்றவர்களோடு சேர்ந்து முதல்முறை கேட்கும்போதுதான் அவன் பின்தங்குகிறான். இந்த ஒரு வேலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் பாதிச் சிக்கல் வராது.

9. மேற்பார்வை இல்லாத நேரங்கள்

2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்புக்கு முன்பே ஒன்றாக உட்காருகிறார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருக்காத நேரம் அது. நல்லதும் கெட்டதும் அங்கேதான் நடக்கும். துணைப்பிள்ளைகள் குழுவைத் தட்டு கழுவும் இடம்வரை ஒன்றாகப் போகச் சொல்லுங்கள். விளையாட்டு நேரத்தில் முதலில் நீங்களும் ஆடுங்கள், பிறகு நடுவராகுங்கள், பிறகு திண்ணைக்குப் போய்விடுங்கள். ஒரே நாளில் விலகாதீர்கள்.

ஏழாம், எட்டாம் வகுப்பில் தொடுதல் பற்றித் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். சின்ன வயதில் கட்டிப்பிடித்தால் "சாமி, கண்ணு" என்று கொஞ்சிய அதே ஊர், பதின்மூன்று வயதில் அதையே குற்றமாகப் பார்க்கும். கைகுலுக்கலாம், கைதட்டிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

10. ஏற்பு போலத் தெரியும் கேலி

ஒரு பையனைச் சுற்றி எப்போதும் கூட்டம். தலைமையாசிரியருக்குப் பெருமை. பக்கத்தில் போய் நின்றேன். "ஆடுடா" என்கிறார்கள், ஆடுகிறான். "அந்த அண்ணனைத் திட்டு" என்கிறார்கள், திட்டுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவனும் சிரிக்கிறான். அடி வாங்குவதும் அவன்தான்.

அவனைப் பொறுத்தவரை அது நட்புதான். வேறு நட்பை அவன் பார்த்ததில்லை. அதனால் கூட்டத்தைக் கலைத்தால் மட்டும் போதாது, கலைத்த இடத்தில் வேறு உறவு வேண்டும். கண்டுபிடிக்க மூன்று கேள்விகள்: அவன் சொல்வதை அவர்கள் எப்போதாவது செய்கிறார்களா? ஆட்டத்தில் அவனுக்கும் முறை வருகிறதா? அவன் வராத நாளில் யாராவது தேடுகிறார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் 5ஆம் படிக்குத் திரும்புங்கள். அவனுக்கு ஒரு சொல்லையும் கற்றுக்கொடுங்கள்: "நீ செய்." யாராவது ஏவினால் பதிலுக்கு அதைச் சொல்லப் பழக்கினோம். முதல்முறை சொன்னபோது ஏவியவனுக்கு வாயடைத்துவிட்டது.

11. அளப்பதும் கைமாற்றுவதும்

ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் அதே முகப்பட்டியல், அதே மூன்று எண்கள். வாடிய முகங்கள் முதலில் சாதாரண முகங்களாக மாறும், சிரிப்பு முகம் பிறகுதான். ஆறாவது வாரத்தில் சிரிப்பு முகம் கூடவில்லை என்று மனம் தளராதீர்கள். வாடிய முகமே குறையவில்லை என்றால் தவறான நடத்தையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நோட்டை மறுபடி படியுங்கள்.

எண்ணில் வராத அடையாளம் ஒன்று உண்டு. அவனோடு சண்டை போட ஆரம்பிப்பார்கள். "நீ அவுட்டுடா, போ வெளியே" என்று கத்துவார்கள், அவன் மாட்டேன் என்பான். ஆசிரியர்கள் ஓடிப்போய் விலக்குவார்கள். கை ஓங்காத வரை விடுங்கள்.

வீட்டில், "ஏனுங்க டீச்சர், இன்றைக்கும் யாரையாவது அடித்துவிட்டானுங்களா?" என்று பயந்து கேட்டுப் பழகியவர்களிடம் வாரம் ஒருமுறையாவது, யாரோடு என்ன விளையாடினான் என்று பெயரோடு சொல்லுங்கள். அந்தப் பெயரை வைத்து அவர்களே ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்.

ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். என்ன சொன்னால் புரியும், எது விரட்டும் நடத்தையாக இருந்தது, அதற்குப் பதில் என்ன கற்றான், என்ன வேலை பொறுப்பாகச் செய்கிறான், யார் யார் கூட்டாளிகள். வகுப்பைப் பிரிவு பிரிப்பதாக இருந்தால் அந்தக் கூட்டாளிகளில் இருவரையாவது அவன் பிரிவிலேயே போடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் ஏப்ரலிலேயே பேசிவிடுங்கள். ஜூனில் பட்டியல் சுவரில் ஒட்டியபின் மாற்றுவது கடினம்.